தினமும் புது பில்டு என்று சொல்லி ஒரே பழைய சோர்ஸைக் கட்டிக் கொடுத்தார்கள்

நைட்லி பில்டு (இரவுதோறும் சோர்ஸிலிருந்து மென்பொருளைத் தானாகக் கட்டுவது) அமைக்கும் வேலையை வெளியாளிடம் கொடுக்கப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். மாதக்கணக்கில் ஒவ்வொரு காலையும் எங்களுக்கு "பில்டு வெற்றி" என்று மெயில் வந்துகொண்டிருந்தது. அதில் அன்றைய தேதியோடு ஒரு புது வெர்ஷன் பெயரும் இருக்கும். இன்ஸ்டால் செய்து பார்த்தால் அதே பெயர்தான் திரையிலும் வரும். ஆனால் உள்ளே இருந்தது, நாங்கள் இந்த வேலையைக் கொடுத்த நிறுவனம் அதை முடித்து ஒப்படைத்த நாளில் இருந்த சோர்ஸ். அதற்குப் பிறகு சேர்ந்த ஒரு கமிட்கூட (பதிவான மாற்றம்) அதில் இல்லை. எங்கள் திருத்தங்களும் இல்லை, மூலத் திட்டத்திலிருந்து வந்த பாதுகாப்புத் திருத்தங்களும் இல்லை. இதற்கு மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் வேறு வாங்கினார்கள்.

நாங்கள் கட்டுவது இல்லுமோஸை அடிப்படையாகக் கொண்ட ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம். 2010-ல் ஓப்பன்சோலாரிஸிலிருந்து கிளைத்த திட்டம் அது. அதன் சோர்ஸ் மரத்துக்குள்ளேயே ‘நைட்லி’ என்ற ஸ்கிரிப்ட் உண்டு. பழசைத் துடைப்பது, கட்டுவது, பேக்கேஜ் போடுவது, சோதிப்பது, கடைசியில் மெயில் அனுப்புவது என்று எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். எதைச் செய்ய வேண்டும், எதை விட வேண்டும் என்பதை ஒரு என்விரான்மென்ட் கோப்பு சொல்லும். சோர்ஸ் எங்கே இருக்கிறது, எத்தனை வேலைகள் ஒரே நேரத்தில் ஓடலாம், மெயில் யாருக்குப் போக வேண்டும், எந்த கம்பைலர், வெர்ஷன் பெயர் என்ன என்று வரிசையாக என்விரான்மென்ட் வேரியபிள்கள். வேலை முழுவதும் அந்த ஒரு கோப்பில்தான் இருக்கிறது. நாங்கள் காசு கொடுத்ததும் அதைச் சரியாக எழுதித் தரத்தான்.

விஷயம் வெளியே வந்தது எங்கள் டெஸ்டர் மூலமாக. மூடிவிட்டதாக நாங்கள் நினைத்திருந்த ஒரு பிழை இன்னும் அப்படியே இருக்கிறது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தத் திருத்தத்தோடு ஒரு புது எச்சரிக்கைச் செய்தியையும் சேர்த்திருந்தோம். அந்தச் செய்தியை பைனரிக்குள் தேடினோம், கிடைக்கவில்லை. சிஸ்டத்தின் வெர்ஷனைக் காட்டும் ‘யூநேம் -வி’ கமாண்டைக் கொடுத்தால் மட்டும் நேற்றிரவின் தேதி அழகாக வந்து நின்றது. அதன் பிறகுதான் பில்டு மெஷினில் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள யூசராக) நுழைந்து கோப்புகளைத் திறந்தோம். அதுவரை லாக் டைரக்டரி அவர்களுடைய யூசரின் கீழ் பூட்டிக் கிடந்தது. படிக்க அனுமதி கேட்டபோதெல்லாம் "சுருக்கத்தைத்தான் தினமும் மெயிலில் அனுப்புகிறோமே" என்பதே பதில்.

முதலில் ‘நைட்லி ஆப்ஷன்ஸ்’ வேரியபிள். இதில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. சின்ன ‘என்’ இருந்தால் பிரிங்ஓவர் கிடையாது, அதாவது மாற்றங்கள் வந்து சேரும் சோர்ஸ் களஞ்சியமான மேல் ரெப்போவிலிருந்து புது சோர்ஸை இழுக்காது. சின்ன ‘ஐ’ இருந்தால் பழைய பில்டைத் துடைக்காது, மாறியதை மட்டும் கட்டும். இரண்டும் இருந்தன. ‘என்’ எப்படி வந்தது என்பதும் புரிந்தது. சோர்ஸ் மரத்தோடு வரும் மாதிரிக் கோப்பிலேயே அது உண்டு. டெவலப்பர் தன் மெஷினில், தான் கை வைத்த மரத்தைக் கட்டிப் பார்ப்பதற்காக எழுதிய மாதிரி அது. அங்கே ‘என்’ இருப்பதுதான் சரி. தினமும் மேலே சேர்ந்ததை எடுத்துக் கட்ட வேண்டிய தானியங்கி பில்டுக்கு அதை எடுத்தே ஆக வேண்டும். ‘ஐ’ மாதிரியில் இல்லை, அவர்கள் சேர்த்தது.

இதோடு நின்றிருந்தால் அலட்சியம் என்று சொல்லி விட்டிருப்பேன். ஏமாற்று என்று நான் சொல்வதற்குக் காரணம் ‘வெர்ஷன்’ வேரியபிள். மாதிரிக் கோப்பில் அது, சோர்ஸ் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டிடம் கேட்டு நிரப்பப்படுகிறது, கமிட்டின் அடையாளம் அதிலேயே வந்துவிடும். அதை அப்படியே விட்டிருந்தால் தினமும் ஒரே கமிட் எண் வருவதை இரண்டாம் நாளே கவனித்திருப்போம். அந்த வரியை வேண்டுமென்றே அடித்துவிட்டு, அன்றைய தேதியைப் போட்டிருந்தார்கள். சோர்ஸ் மாறாது, பெயர் மட்டும் தினமும் மாறும். மாதிரியில் ‘என்’னைக்கூட எடுக்காமல் நகலெடுத்தவர்கள் இந்த வரியைத் தேடிப்பிடித்து மாற்றியதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. கேட்டபோது அவர்களாலும் சொல்ல முடியவில்லை.

அடுத்து மெயில். நைட்லி ஸ்கிரிப்ட் முடியும்போது ‘மெயில்டூ’ வேரியபிளில் இருக்கும் முகவரிக்கு விரிவான அறிக்கை அனுப்பும். எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் ஓடியது, எந்த இடத்தில் பிழை, எங்கே எச்சரிக்கை எல்லாம் அதில் இருக்கும். ஓடிய நேரத்தை மட்டும் பார்த்திருந்தாலே போதும், முழு பில்டுக்கு ஆகக்கூடிய நேரத்தில் ஒரு துண்டுதான் இது எடுத்துக்கொண்டிருந்தது என்று தெரிந்திருக்கும். ஆனால் அந்த முகவரி அவர்களுடையது. எங்களுக்கு வந்தது நைட்லியை உள்ளே வைத்து ஓட்ட அவர்கள் எழுதிய ரேப்பர் ஸ்கிரிப்டின் கடைசி வரி அனுப்பிய மெயில். அந்த வரிக்கு மேலே எந்த நிபந்தனையும் இல்லை. பில்டு விழுந்தாலும் "வெற்றி" மெயில் போகும். அதோடு நைட்லியின் வெளியீட்டை பைப் வழியாக, வருவதைக் கோப்பிலும் எழுதும் ‘டீ’ கமாண்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பைப்பில் எது விழுந்தாலும் தோல்வி என்று சொல்லவைக்கும் ‘பைப்ஃபெயில்’ போடாமல் இப்படி எழுதினால் ஷெல்லுக்குக் கிடைப்பது ‘டீ’யின் எக்ஸிட் ஸ்டேட்டஸ்தான் (வென்றதா விழுந்ததா என்று சொல்லும் எண்), பில்டு உடைந்தது மேலே தெரியவே தெரியாது.

லாக்கைத் திறந்தபோது வயிறு எரிந்தது. பிரிங்ஓவர் நடக்கவில்லை என்று ஒரு வரி, கிளாபர் (பழைய பில்டைத் துடைப்பது) நடக்கவில்லை என்று இன்னொரு வரி. நைட்லி தன் வேலையை ஒழுங்காகச் செய்து ஒவ்வொரு இரவும் உண்மையை எழுதி வைத்திருக்கிறது. அந்த டைரக்டரியைத்தான் எங்களிடமிருந்து பூட்டி வைத்திருந்தார்கள்.

இன்னொன்றும் அங்கேயே கிடைத்தது. ஒப்பந்தத்தில் கேட்டது ரிலீஸ் பில்டு. ஆப்ஷன்களில் இருந்ததோ பெரிய எழுத்து ‘எஃப்’பும் ‘டி’யும். ‘டி’ என்றால் டீபக் பில்டு (பிழை தேடுவதற்கானது) செய், ‘எஃப்’ என்றால் டீபக் அல்லாத பில்டைச் செய்யாதே. டீபக் கர்னலில் (சிஸ்டத்தின் மையப் பகுதி) சரிபார்ப்புகள் எல்லாம் உயிரோடு இருக்கும், ஒரு அசெர்ட் (சரிபார்ப்பு வரி) தவறினால் மெஷினே பேனிக் ஆகி நின்றுவிடும், மெமரி ஒதுக்கீட்டிலும் கூடுதல் சோதனைகள் ஓடும். பயனர்கள் வேகம் போதவில்லை என்று புகார் சொன்னதை நாங்கள் டிரைவரில் தேடிக்கொண்டிருந்தோம்.

எனக்கு இன்னும் ஆறாதது சாவி விஷயம். பேக்கேஜ்களுக்குக் கையொப்பமிடும் சாவியின் பாஸ்ஃப்ரேஸை (சாவியைத் திறக்கும் கடவுச்சொல்) ரேப்பரின் முதல் வரியிலேயே எக்ஸ்போர்ட் செய்திருந்தார்கள். எக்ஸ்போர்ட் செய்த வேரியபிள், அதிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பிராசஸுக்கும் போய்ச் சேரும். ஒரு முழு பில்டில் கம்பைலர், லிங்கர், சின்னச் சின்ன ஷெல் என்று கணக்கில்லாத பிராசஸ்கள் ஓடும், அத்தனைக்கும் எங்கள் பாஸ்ஃப்ரேஸ் கிடைத்தது. அதே பில்டு யூசரில் நுழைந்த யாரும் ஓடும் பிராசஸின் வேரியபிள்களைக் காட்டும் ‘பிஆர்க்ஸ் -இ’ கொடுத்து அதை வாசிக்கலாம், அந்த ஒரே யூசரைத்தான் அவர்களுடைய ஆட்கள் எல்லாரும் பகிர்ந்து பயன்படுத்தினார்கள். போதாததற்கு, "சப்போர்ட்டுக்காக" என்று எல்லா வேரியபிள்களையும் காட்டும் ‘என்வ்’ கமாண்டின் முழு வெளியீட்டையும் தினமும் தங்கள் முகவரிக்கு மெயில் செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் கையொப்பச் சாவியின் பாஸ்ஃப்ரேஸ் இரவுதோறும் வெறும் எழுத்தாக வெளியே போயிருக்கிறது. சாவியை ரத்து செய்து, புதிதாக உருவாக்கி, எல்லா பேக்கேஜ்களுக்கும் மறுபடி கையொப்பமிட்டு, பயனர்களுக்கு விளக்கக் கடிதமும் அனுப்ப வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தை எழுதும்போது பட்ட வேதனையைச் சொல்லி முடியாது. நம்மை நம்பி இன்ஸ்டால் செய்தவர்களுக்கு எழுதுகிறோம் இல்லையா.

அவர்களைக் கேட்டோம். முதலில் "அது டிஃபால்ட் செட்டிங்" என்றார்கள். வெர்ஷன் வரியைக் காட்டியதும் "நீங்கள் தனியாகக் கேட்கவில்லை" என்றார்கள். ஒப்பந்தத்தில் "ஒவ்வொரு இரவும் அன்றைய சோர்ஸிலிருந்து" என்று தெளிவாக எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினோம். பிறகு வந்தது, சரிசெய்வதற்குத் தனிக் கட்டணம் என்ற ஒரு விலைப்பட்டியல். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை.

இப்போது கோப்பை நாங்களே எழுதிக்கொண்டோம். ‘என்’, ‘ஐ’, ‘எஃப்’, ‘டி’ நான்கும் போயின. பேக்கேஜ், மெயில், கருவிகளைக் கட்டுதல், ஏபிஐ (பைனரி இடைமுகம்) சோதனை எல்லாம் இருக்கின்றன. வெர்ஷன் மறுபடி கிட்டிலிருந்து வருகிறது. மெயில் எங்கள் குழு முகவரிக்கு நேரடியாக வருகிறது. பாஸ்ஃப்ரேஸ் எந்த வேரியபிளிலும் இல்லை. பில்டு முடிந்த பிறகு தனி யூசரில் ஓடும் கையொப்பப் படி மட்டும் அதைத் தன் கோப்பிலிருந்து படிக்கிறது.

நீங்களே எழுதுவதானால், குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் கிரானிடம் கவனமாக இருங்கள். அது உங்கள் புரொஃபைலைப் படிக்காது, பாத்தும் (கமாண்டுகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) மிகக் குட்டியாகத்தான் கொடுக்கும். கையால் ஓட்டும்போது ஓடும் ஸ்கிரிப்ட் இரவில் கமாண்டே கிடைக்காமல் நிற்கும். வேலை மரத்தின் இடத்தைச் சொல்லும் ‘கோட்எம்ஜிஆர்_டபிள்யூஎஸ்’ வேரியபிளை மாதிரிக் கோப்பு கிட்டிடம் கேட்டு நிரப்புகிறது. கிரான் ஹோம் டைரக்டரியிலிருந்து கிளம்புவதால் அங்கே கிட் கையை விரித்துவிடும், முழு பாதையையும் எழுதிவிடுங்கள். தேதிக்கான சதவீதக் குறியை கிரான்டாப் (கிரானின் நேரப் பட்டியல்) வரியில் போடாதீர்கள், கிரான் அதைப் புது வரி என்று எடுத்துக்கொள்ளும், ஸ்கிரிப்டுக்குள் வையுங்கள். ‘என்வ் -ஐ’ வைத்து வெற்றுச் சூழலில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் இரவில் என்ன நடக்கும் என்பது பகலிலேயே தெரிந்துவிடும்.

வெளியாளிடம்தான் கொடுக்கிறீர்கள் என்றால் ரூட்டும் லாக் டைரக்டரியும் முதல் நாளிலிருந்தே உங்கள் கையில் இருக்கட்டும். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் மாலையில் ஒரு சின்ன கமிட்டை நீங்களே ரெப்போவில் சேர்த்துவிட்டு, அவர்களிடம் சொல்லாமல் விட்டுவிடுங்கள். காலையில் இமேஜை ஏற்றி ‘யூநேம் -வி’ கொடுங்கள். அந்த கமிட்டின் எண் திரையில் வந்தால் பணத்தைக் கொடுங்கள்.