ஆம்பியர் குறைந்தால் பில் குறையாது: ‘பவர் சேவர்’ பெட்டி விற்க வருகிறவர்களிடம் கவனம்

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள். பிளக் பாயிண்டில் செருகினால் கரண்ட் பில் கால்வாசி குறையும் என்று ஒரு பெட்டியை வீடு வீடாக விற்கிறார்கள். எங்கள் ஆச்சியிடம் 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் பாளையங்கோட்டையிலிருந்து போய்ச் சேர்வதற்குள் பெட்டி சுவரில் ஏறி, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வந்தவர்கள் இரண்டு பேர், கழுத்தில் அட்டை வேறு. “கரண்ட் ஆபீஸ்ல இருந்தா தம்பி?” என்று ஆச்சி கேட்டதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லையாம். “கவர்மெண்டு திட்டந்தான் ஆச்சி” என்று மழுப்பியிருக்கிறார்கள். அப்புறம் கிணற்று மோட்டாரைப் போடச் சொல்லி, ஒயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரை மாட்டி, 6 ஆம்பியர் என்று காட்டியிருக்கிறார்கள். தங்கள் பெட்டியைச் செருகியதும் அது 4.5-க்கு இறங்கியிருக்கிறது. கணக்கை ரசீதுக்குப் பின்பக்கமே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: 230 × 6 = 1380 வாட். 230 × 4.5 = 1035 வாட். மிச்சம் 25 சதவீதம்.

பார்த்தால் பள்ளிக்கூடத்துக் கணக்கு மாதிரியே இருக்கும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், வகுத்தால் ஓம். இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர் மாதிரி வெறும் சூடு தரும் சாமான்களுக்கு இது அப்படியே சரி. 750 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் 3.26 ஆம்பியர் இழுக்கும். 230-ஐ 3.26-ஆல் வகுத்தால் மின்தடை ஏறக்குறைய 70 ஓம். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதுதான் வரும்.

மோட்டார் அப்படியில்லை. அதன் காயில் காந்தமாவதற்கென்று ஒரு பங்கு மின்னோட்டம் தேவை. அந்தப் பங்கு கொண்டுவரும் சக்தி செலவாவதில்லை. லைனுக்கும் மோட்டாருக்கும் நடுவே போய்ப் போய்த் திரும்புகிறது. கிளாம்ப் மீட்டர் எல்லாவற்றையும் சேர்த்து ஆம்பியர் காட்டும். வீட்டு மீட்டர் உண்மையில் செலவானதை மட்டும் யூனிட்டாக எண்ணும். ஆகவே மோட்டாருக்கு வோல்ட், ஆம்பியர் பெருக்கலோடு பவர் ஃபேக்டர் என்ற எண்ணையும் (அந்தப் பெருக்கலில் எத்தனை பங்கு உண்மையில் செலவாகிறது என்பதை) பெருக்க வேண்டும். ரசீதில் அது மட்டும் இல்லை! அவர்கள் பெட்டிக்குள் இருப்பது கெப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தைச் சேர்த்து வைத்துத் திருப்பிக் கொடுக்கும் சாமான். போய்த் திரும்பும் பங்கை அது பக்கத்திலிருந்தே கொடுத்துவிடுவதால் லைனில் ஆம்பியர் இறங்குகிறது, அவ்வளவுதான்.

இதை ஆச்சிக்கு மீட்டர் பெட்டியிலேயே காட்டினேன். அதில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மின்னும். எங்கள் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 மின்னல் என்று அச்சடித்திருக்கிறது. மோட்டாரை மட்டும் ஓடவிட்டு எண்ணினால் நிமிடத்துக்கு 44. பெட்டியைச் செருகி எண்ணினாலும் 44. மணிக்கு 2640, அதை 3200-ஆல் வகுத்தால் 0.825 யூனிட், அதாவது 825 வாட். பெட்டி வரும் முன்பே மீட்டர் இவ்வளவைத்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. அவர்கள் ‘குறைத்து’க் காட்டிய 1035-ஐ விட இது கம்மி. 1380-ல் 825 என்றால் பவர் ஃபேக்டர் 0.6.

பெரிய தொழிற்சாலைகளில் பவர் ஃபேக்டர் குறைந்தால் அபராதம் உண்டு, அங்கே கெப்பாசிட்டர் வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. வீட்டு பில்லில் அந்தப் பேச்சே கிடையாது. 1944-லேயே பாபநாசத்தில் தண்ணீரில் கரண்ட் எடுத்த சீமையில் வந்து இதை விற்கிறார்களே என்றுதான் எரிச்சல்.

இன்னொரு தில்லுமுல்லும் உண்டு. என்னிடம் இருந்த கிளாம்ப் மீட்டரில் பார்த்தால், ஆச்சிக்குக் கொடுத்த பெட்டியில் ஆம்பியர் 6-லிருந்து 5.7-க்குத்தான் இறங்குகிறது. காட்டிய பெட்டி வேறு, கொடுத்த பெட்டி வேறு. திருகைக் கழற்றினால் 4.7 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, பச்சை விளக்குக்கு ஒரு சின்ன போர்டு. சார்ஜ் இறங்க ஒரு ரெசிஸ்டர்கூட வைக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிய கையோடு பின்னைத் தொட்டால் ஷாக் அடிக்கும். ஏற்கெனவே வாங்கி மாட்டியிருப்பவர்கள் சுவிட்சை அணைத்துவிட்டு, பின்னில் கை படாமல் கழற்றுங்கள்; பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ரசீதில் கடைப் பெயர் உண்டு, முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. போன் அடித்தால் ‘ஸ்விட்ச் ஆஃப்’. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் வரும் என்று ஆச்சிக்கு நம்பிக்கை இல்லை, எனக்கும் பெரிதாக இல்லை.

உங்கள் தெருவுக்கு வந்தால் மோட்டாரைப் போட விடாதீர்கள். “அண்ணாச்சி, இஸ்திரிப் பெட்டியைப் போட்டுக் குறைச்சுக் காட்டுங்க” என்று கேளுங்கள். இஸ்திரிப் பெட்டியில் போய்த் திரும்பும் பங்கே இல்லாததால் ஆம்பியர் இம்மியும் குறையாது. அவர்கள் காட்டும் பெரிய பெட்டியாக இருந்தால், கெப்பாசிட்டர் இழுக்கும் மின்னோட்டமும் சேர்ந்து 3.26 இருந்த இடத்தில் 3.9 வரைகூட ஏறும்.