தோட்டத்து மாலை வகுப்பு: பாடத்துக்கு இல்லாவிட்டாலும் படிவத்துக்காக அனுப்புங்கள்

இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடக்கும் மாலை வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பலாமா, அங்கே படித்தால் கம்பஸ் (பல்கலைக்கழகம்) கிடைக்குமா என்று தோட்டத்தின் பக்கத்து டிவிசன்காரர்கள் (பிரிவுக்காரர்கள்) கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் தங்கச்சி ஓ.எல்லும் (சாதாரண தரம்) ஏ.எல்லும் (உயர்தரம்) அங்கே படித்தவள், இப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இதை டியூசன் என்று நினைத்துப் போகாதீர்கள். மண்டபமும் கரண்டும் கோயில் கமிட்டியுடையது, பெஞ்சு பக்கத்துச் சர்ச்சில் கொடுத்தது, ஹட்டன் டவுனில் கடை வைத்திருக்கும் நம்மாட்கள் சிலர் போட்டோகொப்பிச் செலவையும் சேர்மாருடைய (ஆசிரியர்களுடைய) பஸ் காசையும் பார்த்துக்கொள்கிறார்கள், ஏற்கெனவே கம்பஸ் போன அக்காமாரும் அண்ணன்மாரும் லீவுக்கு வரும்போது வந்து படிப்பிக்கிறார்கள். பிள்ளைகளிடம் காசு வாங்குவதில்லை. 2024இல் நாள் சம்பளம் 1350 ரூபாய் ஆனது உண்மைதான், ஆனால் வேலை குறைந்த மாதத்தில் டியூசன் காசு, டவுனுக்குப் போய்வரும் காசு இரண்டையும் எந்த வீட்டில் எடுத்து வைக்க முடியும்?

படிப்பிப்பதில் கணக்குதான் சிறப்பு. ஓ.எல்லில் மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடம் சித்தி, அதில் மூன்று திறமைச் சித்தி (சாதாரணச் சித்திக்கு மேலான தேர்ச்சி) இருந்தால்தான் வழக்கமாக ஏ.எல் படிக்கலாம், நம் பிள்ளைகள் நிறையப் பேர் கணக்கில்தான் விழுகிறார்கள். அது தெரிந்தே கடந்தகால வினாத்தாள்களை விடாமல் செய்ய வைக்கிறார்கள். மழை பிடித்தால் தகரக் கூரைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, அப்போது சேர் பேசுவதை விட்டுவிட்டுக் கரும்பலகையில் ஒவ்வொரு வரியாக எழுதுவார், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், வகுப்பு நிற்காது.

விஞ்ஞானம்தான் இடிக்கிறது. இரசாயனவியலுக்கு ஒரு சேர் டவுனிலிருந்து வருவார், பஸ் காசு கொடுக்கிறவர் கை இறுகிய மாதம் அவரும் வரமாட்டார், அப்புறம் விட்ட பாடத்தை ஒரே நாளில் ஓட்டுவார்கள். ஏ.எல் விஞ்ஞானப் பிரிவு இல்லாத பாடசாலைதான் தோட்டப்பக்கம் அதிகம், விருப்பம் இருந்தும் கலைப்பிரிவுக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். அதை ஒரு மாலை வகுப்பால் சரிபண்ண முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் விஞ்ஞானம் எடுக்கிற பிள்ளை இதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

நான் இந்த இடத்தைத் தலையில் தூக்கி வைத்துப் பேசுவது பரீட்சை முடிந்த பிறகு இவர்கள் செய்கிற வேலைக்காக. ஏ.எல் முடிவு வந்தது, இசட் புள்ளி (பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் புள்ளி) இவ்வளவு, சரி, அடுத்தது என்ன? லயத்தில் (தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) யாரைக் கேட்பது? பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எந்தப் பாடநெறியை முதலில் போடுவது, எதைக் கீழே போடுவது என்பதில் பிழைத்தால் நல்ல புள்ளி எடுத்த பிள்ளையும் விரும்பாத பாடத்துக்குப் போகும், இல்லையென்றால் ஒன்றுமே கிடைக்காது. கலைப்பிரிவைத் தவிர்த்துப் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசைப்படி, 55 வீதம் மாவட்ட மக்கள்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று இடம் பிரிக்கிறார்கள். நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. இது எனக்கே இந்த மண்டபத்தில்தான் தெரிய வந்தது. போன வருட வெட்டுப்புள்ளியை (ஒவ்வொரு பாடநெறிக்கும் இடம் கிடைத்த ஆகக் குறைந்த புள்ளியை) அச்சடித்துச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து, உனக்கு இது வரும், இது கஷ்டம், ஆனாலும் மேலே போட்டுப் பார் என்று சொல்லிக் கொடுத்தார்கள். தங்கச்சியின் முறை வந்த ராத்திரி அம்மா கொழுந்தெடுத்து வந்த அலுப்போடு கடைசி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

பேர்ப் பிரச்சினை இன்னொன்று. தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழைச் சிங்களத்தில் பதியும்போது அப்பாவின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள், பாடசாலைப் பதிவில் வேறு மாதிரி இருந்தது. தோட்டத்தில் இது இல்லாத வீடு குறைவு. வகுப்பில் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஓர் அண்ணன் கிராம சேவகரிடமும் பதிவாளர் கந்தோரிலும் (அலுவலகத்திலும்) கூடவே வந்து, அப்பா பேசத் தயங்கிய இடமெல்லாம் அவரே பேசித் திருத்திக் கொடுத்தார்.

கடிதம் வேறு. லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது, தபால் தோட்டத்துக் கந்தோருக்கு வரும், அங்கேயிருந்து யார் கையிலாவது கொடுத்து விடுவார்கள், வந்தால் வந்ததுதான். திகதி முடிந்த பிறகு கடிதத்தைப் பார்த்து அழுத பிள்ளைகளை எனக்கே தெரியும். இப்போது கடிதம் வருகிற காலத்தில் வகுப்புப் பொடியன்கள் முறை வைத்துத் தினமும் கந்தோருக்குப் போய்ப் பார்க்கிறார்கள். செலவில்லாத வேலை, ஒவ்வொரு தோட்டத்திலும் நாளைக்கே தொடங்கலாம்.

குறை இரண்டு. பெற்றோர் கூட்டத்தை வேலை நாள் பகலில் வைக்கிறார்கள், மலையில் கொழுந்தெடுக்கிற அம்மா அன்றைய பேரை (நாள் சம்பளத்தை) விட்டுவிட்டு எப்படி வருவார்? பின்னேரம் கொழுந்து எடை போட்ட பிறகு வைக்க வேண்டும். மற்றது, ஓ.எல்லில் விழுந்த பிள்ளைகளை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். அவர்களில் பாதிக்கு மேல் பொடியன்கள், அடுத்த வாரமே கொழும்பில் கடை வேலைக்குப் போய்விடுகிறார்கள். திரும்ப எழுத வைக்கலாம், தொழிற்பயிற்சி அதிகார சபையின் பயிற்சிகளைப் பற்றிச் சொல்லலாம், கோட்டகலைப் பக்கம் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி இருப்பதையும், ஏ.எல் வரை பிடித்துக்கொண்டால் ஆசிரியராகலாம் என்பதையும் அவர்கள் காதில் போடலாம். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு எடுக்கிற சிரமத்தில் கால்வாசி இவர்களுக்கு எடுத்தால் போதும். கமிட்டியிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஏ.எல்லுக்கு வந்த பிறகு சேர்க்காதீர்கள், தரம் 9, 10இலேயே அனுப்புங்கள். முதல் நாளே பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியைக் கொண்டுபோய்ப் பெயரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், திருத்துவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.