742 டாலர் வாங்கிக்கொண்டு ஒரு நிப்பிளில்கூட கிரீஸ் அடிக்கவில்லை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனால் போகிறது" என்று விட்டுவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். மோட்டர்ஹோம் (ஓட்டிக்கொண்டு போகும் வீடு) வைத்திருப்பவர்களும் பழையதாக ஒன்று வாங்கலாம் என்று யோசிப்பவர்களும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். சேஸி, அதாவது வண்டியின் அடிச்சட்டகத்தின் சர்வீஸுக்காக ஒரு கடையில் 742 டாலர் கொடுத்தேன். என் வண்டியில் கிரீஸ் அடிக்க வேண்டிய இடங்கள், அதாவது கிரீஸை உள்ளே செலுத்தும் சின்ன முனைகளான நிப்பிள்கள், 21. அதில் ஒன்றில்கூட அவர்கள் அடிக்கவில்லை.

கடையின் பெயரைப் போடப் போவதில்லை. வழக்கு போடும் எண்ணம் இருப்பதால் இப்போதைக்கு வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லிவிட்டார். டெக்சஸில், ஆஸ்டினுக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் பெரிய மோட்டர்ஹோம் சர்வீஸ் கடை. அது போதும்.

வண்டி 2004 மாடல். ஃப்ரெய்ட்லைனர் சேஸி, பின்பக்கம் கம்மின்ஸ் டீசல் எஞ்சின், ஏர் பிரேக், ஏர் சஸ்பென்ஷன். மேலே பார்த்தால் வீடு, கீழே குனிந்து பார்த்தால் முழு லாரி. வாங்கிய நாளிலிருந்து கீழே உள்ள வேலையை நானேதான் செய்துவந்தேன். வருடத்துக்கு இரண்டு முறை, ஒரு சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு வரை ஆகும். கிங் பின்னில் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி) நான்கு, டை ராடில் (இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) இரண்டு, டிராக் லிங்கில் (ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) இரண்டு, பிரேக் பக்கம் எட்டு, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் (எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) மூன்று, ஸ்டீயரிங் ஷாஃப்டில் இரண்டு. எல்லா நிப்பிளுக்கும் மண் போகாமல் இருக்கச் சின்னச் சிவப்பு பிளாஸ்டிக் மூடி மாட்டி வைத்திருக்கிறேன். அடிக்கும்போது கழற்றுவேன், அடித்து முடித்ததும் துடைத்து மாட்டுவேன். இந்த மூடியை மறந்துவிடாதீர்கள், பிறகு வருகிறேன்.

இந்த வருடம் மார்ச்சில் வலது தோளில் ஆபரேஷன். ஆறு மாதத்துக்குக் கையைத் தூக்கி எதையும் அழுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிரீஸ் கன் அழுத்துவது முழுக்கத் தோள் வேலை. ஜூனில் கொலராடோ போவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. சரி, இந்த ஒரு முறை கடையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

நான் ஏமாந்த அந்த நிமிடத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வண்டியை விட்டதும் வயதான ஒரு மெக்கானிக் வந்தார். முழங்கை வரை கறுப்பு. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதுவரை யார் சார் பார்த்துக்கொண்டது? நல்ல கை" என்றார். நான்தான் என்றேன். என் தோளைப் பார்த்து, தனக்கும் அதே தோளில் வலி என்றார். இவ்வளவுதான். அதற்கு மேல் நான் சந்தேகப்படவே இல்லை. இருந்தாலும் கேட்டேன்: "கிங் பின்னுக்கு ஆக்ஸிலைத் தூக்கி வைத்துத்தானே அடிப்பீர்கள்?" வண்டியின் பாரம் அப்படியே இருக்கும்போது அடித்தால், பாரத்தைத் தாங்கும் பரப்புக்கு நடுவே கிரீஸ் சரியாகப் போகாது. தெரிந்தவர்கள் பலர் தூக்கித்தான் அடிப்பார்கள். அவர் சிரித்துவிட்டு, "அப்படித்தான் சார், தினமும் செய்கிற வேலை" என்றார்.

கூட நின்று பார்க்கவா என்றேன். இன்சூரன்ஸ் காரணமாக வாடிக்கையாளரை உள்ளே விடுவதில்லையாம். காபி கொடுத்து உட்கார வைத்தார்கள். 40 நிமிடத்தில் வண்டி தயார். நான் அரை நாள் செய்யும் வேலை 40 நிமிடத்தில்! அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஆள் அதிகம், லிஃப்ட் இருக்கிறது என்று நானே அவர்களுக்காகக் காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். அந்த மெக்கானிக் என்னை முன் சக்கரத்தருகே கூட்டிப்போய் டார்ச் அடித்துக் காட்டினார். டை ராட் முனையில் பளபளவென்று நீல நிற கிரீஸ். "பாருங்கள், நிறைந்து வெளியே வந்திருக்கிறது." பார்த்தேன், தலையாட்டினேன்.

பில் 765 டாலர். ரொக்கமாகக் கொடுத்தால் 3 சதவீதம் குறைக்கிறோம் என்றார்கள். பக்கத்து ஏடிஎம்மில் எடுத்து 742 டாலரை நோட்டாகக் கொடுத்தேன். 23 டாலர் மிச்சம் பிடிப்பதற்காகப் பணத்தைத் திரும்பப் பெறும் வழியை நானே அடைத்துக்கொண்டேன் என்பது அப்போது தெரியவில்லை.

கிளம்பிய முதல் நாளே லபக் தாண்டியதும் ஸ்டீயரிங் சரியில்லை. வளைவில் திருப்பினால் சக்கரம் தானாக நேருக்கு வர வேண்டும் அல்லவா? வரவில்லை, நான்தான் இழுத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. நேர்ச் சாலையிலும் வண்டி இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அலைந்தது. அந்தப் பகுதியில் குறுக்குக் காற்று பலமாக அடிக்கும், அதனால்தான் என்று நினைத்தேன். அமரில்லோவில் டீசல் போட ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தபோது முன்னாலிருந்து ஒரு கிறீச். துருப்பிடித்த இரும்புக் கதவு திறப்பது போல. பின்னால் இருந்த பையன் "என்னப்பா சத்தம்?" என்று ஓடி வந்தான்.

சக்கரத்தை ஒடித்தபடியே நிறுத்தி, வெளியே நின்று டார்ச் அடித்தேன். வலது பக்க மேல் கிங் பின் நிப்பிளின் மேல் குளவிக் கூடு. மண்ணால் கட்டியது, என் கட்டைவிரல் தடிமன், காய்ந்து கல்லாகிக் கிடந்தது. விரலால் தட்டினால் உதிரவில்லை, ஸ்க்ரூ டிரைவரால் பெயர்க்க வேண்டியிருந்தது. அடியில், நான் போன அக்டோபரில் மாட்டிய சிவப்பு மூடி.

டை ராடுக்குப் போனேன். அவர் டார்ச் அடித்துக் காட்டிய அதே நீல கிரீஸைத் துணியால் துடைத்தேன். அதற்கு அடியிலும் சிவப்பு மூடி. கழற்றவே இல்லை. மூடியின் மேலேயே விரலால் கிரீஸைத் தடவியிருக்கிறார்கள்! மூடியைக் கழற்றினால் உள்ளே இருந்தது என்னுடைய பழைய சிவப்பு கிரீஸ், காய்ந்து பழுப்பாகிப்போயிருந்தது. நீலம் ஒரு பொட்டுகூட உள்ளே இல்லை. பெட்ரோல் பங்க் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

கொலராடோ போகவில்லை. எதிரே கொலராடோ எல்லையில் ராட்டன் மலைக்கணவாய், 7,800 அடிக்கு மேல் உயரம், பின்னால் இரண்டு பிள்ளைகள். கிரீஸ் கன் எப்போதும் வண்டியிலேயே இருக்கும். மனைவி கன்னின் முனையை நிப்பிளில் பிடித்துக் கொடுக்க, இடது கையால் எட்டிய வரை அடித்துக்கொண்டு மெதுவாக வீடு வந்து சேர்ந்தோம். முகாமுக்குக் கட்டிய பணமும் போனது, அதை இங்கே சேர்க்கவில்லை. நேற்று மச்சான் வந்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி அடியில் போய்ப் பார்த்தார். மீதி எல்லா இடத்திலும் என் மூடிகள், மேலே என் பழைய மண். வலது கிங் பின்னில் ஆட்டமும் இருக்கிறது. நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்தத் தேய்மானம் ஒரே பயணத்தில் வந்ததல்ல, பழைய வண்டி. ஆனால் "முன் ஆக்ஸில் சோதிக்கப்பட்டது, நல்ல நிலை" என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டு அதற்கும் சேர்த்துத்தானே 742 டாலர் வாங்கினார்கள்?

அமரில்லோவிலிருந்தே போன் செய்தேன். மேனேஜர் வெளியே போயிருக்கிறார். மாலையில் செய்தேன், மீட்டிங். மறுநாள் எடுத்த பெண், "வண்டியைக் கொண்டுவாருங்கள், இலவசமாகப் பார்க்கிறோம்" என்றார். நான் சுமார் 500 மைல் தள்ளி நிற்கிறேன் என்றேன். அப்படியானால் எங்களால் எதுவும் செய்ய முடியாது என்றார். மூன்றாவது முறை மேனேஜரே கிடைத்தார். குளவி இரண்டு நாளில் கூடு கட்டிவிடும் என்றார். சரி, கூடு கட்டிவிட்டு மூடியையும் அதுவா மாட்டியது என்று கேட்டேன். உடனே பேச்சை மாற்றி, "இந்த ஜாயிண்டெல்லாம் சீல் செய்தவை சார், கிரீஸ் தேவையே இல்லை" என்றார். தேவையில்லை என்றால் பில்லில் "எல்லா இடங்களுக்கும் கிரீஸ்" என்று எழுதி எதற்குக் காசு வாங்கினீர்கள்? பதில் இல்லை. கடைசியில் அடுத்த சர்வீஸுக்கு 10 சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். அடுத்த சர்வீஸ்! இப்போது என் எண்ணைப் பார்த்தால் எடுப்பதே இல்லை. படங்களோடு அனுப்பிய மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. அந்த வயதானவரிடம் ஒரு நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டேன், லீவாம்.

நாமே கிரீஸ் அடிப்பது எப்படி என்று ஒவ்வொரு இடமாக விளக்கி எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனசு அதில் நிற்கவில்லை. அவசரத்துக்குச் சிலது மட்டும் சொல்கிறேன்.

ஏர் சஸ்பென்ஷன் வண்டிக்கு அடியில் அப்படியே படுத்து நுழையாதீர்கள். காற்று இறங்கினால் வண்டி மேலே உட்கார்ந்துவிடும், ஆள் பிழைக்க மாட்டார். நிறுத்தும்போது வண்டியைச் சமமாக நிற்கவைக்கும் லெவலிங் ஜாக்கை நம்பாதீர்கள். எடைக்கு ஏற்ற ஸ்டாண்டை ஃப்ரேமுக்கு அடியில் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். நிப்பிளைத் துடைக்காமல் கன்னை மாட்டினால் மண்ணைத்தான் உள்ளே தள்ளுவீர்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை இணைக்கும் யூ ஜாயிண்டில் நான்கு முனையிலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். பிரேக் கேம் (பிரேக்கை விரித்து அழுத்தும் தண்டு) பக்கம் மட்டும் கை அடக்கம் வேண்டும், அதிகம் போய் லைனிங்கில் பட்டால் பிரேக் போச்சு. கிரீஸின் நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யாதீர்கள், அது வெறும் சாயம். லித்தியம் காம்ப்ளெக்ஸ் வகை கிரீஸ் இருக்கும் இடத்தில் பாலியூரியா வகையைக் கலந்தால் இளகி வழிந்துவிடக்கூடும், டப்பாவைப் படித்துப் பாருங்கள்.

கடையில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு நிப்பிளையும் படம் எடுத்து வையுங்கள். பணம் கட்டுவதற்கு முன் நீங்களே துணியால் துடைத்துப் பாருங்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம். கிரெடிட் கார்டாக இருந்திருந்தால் ஸ்டேட்மெண்ட் வந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுதிக் கேட்டிருக்கலாம், அமெரிக்காவில் 1974லேயே வந்த சட்டம் அது. என் 742 டாலருக்கு இப்போது அந்த வழி இல்லை. மிச்சம் இருப்பது நீதிமன்றம்தான். டெக்சஸில் 20,000 டாலர் வரையிலான வழக்குகளை ஜஸ்டிஸ் கோர்ட் என்ற சிறு வழக்கு நீதிமன்றத்தில் நாமே போடலாம். நுகர்வோர் சட்டப்படி போவதென்றால் 60 நாள் முன்பே எதிர்த்தரப்புக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

கடிதம் எழுதி வைத்துவிட்டேன், நாளை காலை தபால் நிலையம் திறந்ததும் பதிவுத் தபாலில் போகிறது. பெயர்த்தெடுத்த குளவிக் கூடும் அந்த நீலம் தடவிய மூடியும் ஜிப் பையில் பத்திரமாக இருக்கின்றன.