கணவர் ஊருக்குப் பொருள்: சுமப்பதா, அனுப்புவதா, அங்கே போய் வாங்குவதா?

கணவரின் ஊருக்கு நாங்கள் போகும் தேதி முடிவானதுமே எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். மாமனார், மாமியார், நாத்தனார் பிள்ளைகளுக்கு வேண்டியதை இங்கேயே வாங்கிச் சுமந்து போவதா, ஆன்லைனில் ஆர்டர் போட்டு அவர்கள் முகவரிக்கே அனுப்பிவிடுவதா, அங்கே போய் இறங்கியபின் அவர்களையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போவதா? மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாயிற்று. பொருள் வந்து சேரும் நாளில் நாமும் அந்த வீட்டில் இருக்கிறோமா என்பதை வைத்துத்தான் நான் இப்போதெல்லாம் முடிவெடுக்கிறேன்.

சுமந்து போவதில் சொல்ல அதிகமில்லை. கையில் எடுத்துக் கொடுக்கும் சந்தோஷம் மற்ற இரண்டிலும் கிடையாது. பெட்டியைத் திறக்கும்போது பிள்ளைகள் சுற்றி வந்து உட்காருவார்களே, அதற்காகவே எவ்வளவு எடையையும் தூக்கலாம் என்று தோன்றும். ஆனால் எடை எடைதான். விமானப் பயணம் என்றால் விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. பவர் பேங்கை லக்கேஜில் போடக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். பொதுவாக 100 வாட்-மணி (பேட்டரியில் சேரும் மின்சக்தியின் அளவு) வரை தனி அனுமதி தேவையில்லை. பவர் பேங்கின் மேல் 20,000 எம்ஏஎச் (mAh) என்று அச்சிட்டிருந்தால் அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள், 74 வாட்-மணி வரும், கவலையில்லை. 30,000 என்றால் 111 ஆகிவிடும், விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டாக வேண்டும். சிறியது, உடையாதது, அளவு பார்க்கத் தேவையில்லாதது என்றால் சுமந்து போங்கள். மற்றதற்கு இந்த வழி வேண்டாம்.

ஆன்லைனில் அனுப்புவதுதான் பார்க்க சுலபமாகத் தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்தே நாலு மாடல்களை ஒப்பிடலாம், பயணத்தில் கை வீசிக்கொண்டு போகலாம். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கூரியர் நிறுவனங்கள் பலவும் எடையோடு பெட்டியின் பருமனையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான முறை. 60, 40, 25 அளவுள்ள பெட்டியில் இரண்டு கிலோ தலையணையை வைத்தால்கூட 12 கிலோ என்றுதான் கணக்காகும். டெலிவரி இலவசம் என்று போட்டிருந்தாலும் அந்தச் செலவு யார் தலையிலாவது விழத்தான் செய்யும், பெரும்பாலும் பொருளின் விலையிலேயே சேர்ந்திருக்கும். அதனால் பருமனான பொருள்களுக்கு அங்குள்ள கடை விலையையும் கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

என் கவலை விலையைப் பற்றியது அல்ல. பார்சல் வாசலுக்கு வந்த பிறகுதான் கஷ்டமே. ஆர்டர் போட்டது நாம், அதனால் ஓடிபி நம் போனுக்கு வரும். அங்கே டெலிவரிக்காரர் வாசலில் நிற்பார், மாமியார் கதவைப் பிடித்தபடி நமக்கு போன் போடுவார், நாம் எங்கேயோ சிக்னல் இல்லாத இடத்தில் இருப்போம். இதைவிடப் பெரிய ஆபத்து, பெரியவர்களுக்கு ஓடிபியை போனில் கேட்பதும் சொல்வதும் சாதாரணம் என்று பழகிப்போவது. மோசடிக்காரர்களுக்கு வேண்டியதும் அதுதான். யாரும் ஆர்டர் செய்யாத பார்சலைக் கொண்டுவந்து பணம் கேட்கும் ஏமாற்று வேலையும் நடக்கிறது. அதனால் என்ன வருகிறது, எந்த நாளில் வருகிறது, பணம் கட்டியாகிவிட்டதா என்பதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ‘அத்தை, நாங்க சொல்லாத எந்தப் பார்சலுக்கும் காசு கொடுக்காதீங்க’ என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். அவர் அலுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அடுத்தது அளவு. மாமாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தோம். மதிப்பீடுகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. கூட வந்த கைப்பட்டை, கைச் சுற்றளவு 22 முதல் 32 சென்டிமீட்டர் உள்ள பலருக்கும் பொருந்தும் அளவு. மாமாவுக்கு உருண்டு திரண்ட கை, பட்டை ஒட்டாமல் விட்டுவிட்டு நின்றது. இறுக்கி ஒட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும், ஆனால் செய்யக் கூடாது. பட்டை சின்னதாக இருந்தால் அழுத்தம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும்; அதை நம்பிப் பயப்படுகிறவர் ஒரு வயதானவர். நாங்கள் அங்கே இருந்ததால் இஞ்ச் டேப்பை எடுத்துத் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை அளந்து, பெரிய பட்டையைத் தனியாக வரவழைத்தோம். நாங்கள் இல்லாதபோது வந்திருந்தால், ‘நல்லா இருக்குப்பா’ என்று போனில் சொல்லிவிட்டு அலமாரியில் வைத்திருப்பார். மருமகள் வாங்கித் தந்ததைக் குறை சொல்ல எந்த மாமனாருக்குத்தான் மனசு வரும்?

துணியும் செருப்பும் இதே கதைதான். ஒரு நிறுவனத்தின் எம் இன்னொரு நிறுவனத்தில் எல். எழுத்தை விட்டுவிட்டு, அவர்கள் இப்போது வசதியாகப் போட்டுக்கொள்ளும் சட்டையைத் தரையில் விரித்து மார்பு அகலத்தை அளந்து அனுப்பச் சொல்லுங்கள். பாதத்தைச் சாயங்காலம் அளக்கச் சொல்லுங்கள், நாள் முழுக்க நடந்தபின் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

கடைக்கு நேரில் போவதில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. தொட்டுப் பார்க்கலாம், போட்டுப் பார்க்கலாம், ரிப்பேர் வந்தால் யாரிடம் போய் நிற்பது என்பதும் தெரிந்துவிடும். கடைக்காரர் அவர்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது, நாம் கிளம்பிய பிறகும் அந்த உறவு அங்கேயே இருக்கும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறொன்று. போனில் ‘எதுவும் வேண்டாம்மா’ என்று சொல்லும் மாமியார், கடையில் ஒரு பொருள்முன் நின்று கொஞ்ச நேரம் கையில் எடுத்துப் பார்ப்பார். அவருக்கு என்ன வேண்டும் என்பது எந்தத் தேடல் பெட்டியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இதிலும் குறை உண்டு. வகை குறைவு, சில சமயம் விலை கூடுதல். எல்லாவற்றையும்விட நேரம் போகிறது. சில நாள் விடுப்பில் போய்விட்டு அதில் பாதியைக் கடைகளில் கழித்தால், பேச வந்தவர்களோடு பேசுவது எப்போது? மூட்டுவலி உள்ளவரைக் கடை கடையாக அலைய வைப்பதும் சரியில்லை.

ஆகவே நான் இப்போது செய்வது இதுதான். அளவோ சோதனையோ தேவைப்படும் பொருளை ஆன்லைனில்தான் வாங்குகிறேன், ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் வரும்படி தேதி பார்த்து ஆர்டர் போடுகிறேன். திருப்பித் தரும் கெடு பெரும்பாலும் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்துதான் ஓடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருள்களுக்குச் சட்டமே 14 நாள் தருகிறது. மற்ற இடங்களில் கடைக்குக் கடை மாறும், சிலவற்றை மாற்றித் தருவார்களே தவிரப் பணம் திரும்பாது. ஆர்டருக்கு முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிட வேண்டும். பொருள் வந்ததும் அன்றைக்கே பிரித்து, யாருக்கு வாங்கினோமோ அவர் கையாலேயே இயக்க வைத்துவிடுகிறேன். அட்டைப்பெட்டியை ஊருக்குக் கிளம்பும் நாள்வரை தூக்கிப் போடுவதில்லை.

எப்போதும் வாங்கும் அதே சோப்பு, அதே டயப்பர் என்றால் நாம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அனுப்பலாம். டெலிவரிக்கான எண்ணாக மட்டும் அவர்கள் எண்ணைக் கொடுங்கள், ஓடிபியும் பெரும்பாலும் அதற்கே போய்விடும். தினமும் கையாளும் பொருளையும், பழுது பார்க்க ஆள் தேவைப்படுவதையும் கடையில் வாங்குகிறோம், அதுவும் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கடை. பில்லை மாமா பெயரில் போடச் சொல்லி, அதை என் போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்கிறேன். வாரண்டி கேட்டு நாளைக்குக் கடைக்குப் போகப்போவது அவர்தான்.