தாதியர் மனநலத் திட்டம்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

தாதியரின் மனநலத்துக்கு என்று எங்கள் நிர்வாகம் வாங்கிய திட்டத்தில் மூன்று சரக்குகள் ஒரே பொட்டலமாக வந்தன: அரைநாள் பயிலரங்கு, கைப்பேசிச் செயலி, பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று நடத்தும் கருத்தாய்வு. பினாங்குத் தீவில் ஒரு தனியார் மருத்துவமனை வார்டில் சிஸ்டராக இருக்கிறேன். மருத்துவமனையின் பெயரும் திட்டத்தை விற்ற நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டாம். வேறு மருத்துவமனைகளில் உள்ள தோழிகள் ‘நாங்களும் வாங்கச் சொல்லலாமா?’ என்று கேட்பதால் எழுதுகிறேன்.

பயிலரங்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரைப் பகுதியில், கடலைப் பார்த்த ஹோட்டல். மீ கோரெங் நன்றாகவே இருந்தது. கண்ணை மூடி மூச்சை மெல்ல விடச் சொன்னார்கள். இரவு வேலை முடித்து நேரே வந்திருந்த இரண்டு பெண்கள் மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை. அன்றைக்குக் கிடைத்த ஒரே உருப்படியான ஓய்வு அந்தத் தூக்கம்தான். ஓய்வு நாளில் எங்களை வரவழைத்ததைச் சுட்டிக்காட்டினேன். ‘நல்லதையே நினையுங்கள்’ என்று பயிற்றுநர் சிரித்தார். செயலியோ தினமும் காலை எட்டு மணிக்கு ‘இன்று மனம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்கும். எட்டு மணிக்கு நான் டாக்டருடன் ரவுண்ட்ஸில் இருப்பேன். அழித்துவிட்டேன்.

இதை என் எரிச்சல் என்று ஒதுக்க முடியாது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஃபிளெமிங் 2024இல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனில் 46,336 பணியாளர்களின் பதில்களை அலசியது. மனஅமைதி வகுப்பு, மனஉறுதிப் பயிற்சி, செயலி போன்றவற்றில் சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிட நலமாக இருந்ததாகத் தெரியவில்லை. தொண்டூழியம் ஒன்றுதான் சற்றே விதிவிலக்கு.

கருத்தாய்வு வேறு ரகம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பேண்ட்ரிக்கு வந்த ஆய்வாளர் பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். ‘அக்கா, பெயர் எழுத வேண்டாம், உறையை நீங்களே ஒட்டிவிடுங்கள்’ என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அந்த நாகரிகம் பிடித்திருந்தது. தாள்களில் ஒன்று உளவியலாளர் மாஸ்லாக்கின் பணிச்சோர்வு அளவுகோல். 1981இல் வந்தது, 22 கேள்விகள். உணர்ச்சி வற்றிப்போவது, நோயாளியிடம் ஒட்டுதல் இல்லாமல் போவது, செய்த வேலையில் நிறைவு, இந்த மூன்றையும் தனித்தனியாக அளக்கிறது. நோயாளியை ஒரு பொருளாக நடத்துவதாகத் தோன்றுகிறதா என்று கேட்கும் இடத்தில், எதிரே உட்கார்ந்திருந்த இளம் தாதியின் பேனா நின்றது. ‘பாஸ்-ஓவரில் ஏழாம் கட்டில் என்றுதானே சொல்கிறோம் சிஸ்டர், அது இதில் சேருமா?’ என்று கேட்டாள். (பாஸ்-ஓவர் என்பது ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளின் நிலையை அடுத்தவரிடம் சொல்லி ஒப்படைப்பது.) சேராது என்றேன். அவள் தலையாட்டினாள், ஆனால் எந்த எண்ணை வட்டமிடுவது என்று வெகுநேரம் யோசித்தாள்.

அதோடு விட்டிருந்தால் இதுவும் ஒரு காகிதக் கட்டாகவே போயிருக்கும். பணி அட்டவணையையும் கேட்டார்கள். மாலை ஷிஃப்ட் ஒன்பதுக்கு முடிய வேண்டும். பாஸ்-ஓவர் கொடுத்து, மருந்து வண்டியைப் பூட்டி, பினாங்குப் பாலம் கடந்து புக்கிட் மெர்தாஜாம் போய்ச் சேரும் பெண் எத்தனை மணிக்குப் படுப்பாள்? மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளே வார்டில் நிற்க வேண்டும். ஒரு தாதிக்கு எத்தனை நோயாளி என்றும் ஒரு கேள்வி இருந்தது. 2002இல் அமெரிக்காவில் லிண்டா எய்க்கன் குழுவினர் பென்சில்வேனியா மருத்துவமனைகளை ஆராய்ந்தார்கள். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது பணிச்சோர்வுக்கான வாய்ப்பு 23 விழுக்காடும், அறுவைச் சிகிச்சை நோயாளிகள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும் உயர்வதைக் கண்டார்கள். எந்த மூச்சுப் பயிற்சி இந்தக் கணக்கைத் தொடும்?

முடிவுகளை வார்டு வாரியாகக் கொடுத்தார்கள். எங்கள் வார்டில் சோர்வு அதிகம், நிறைவும் அதிகம். மாலைக்கு அடுத்து காலை போட்டவர்கள்தான் நொறுங்கியிருந்தார்கள் என்று ஆய்வாளர் தாதியர் தலைவியான மேட்ரனிடம் படம் போட்டுக் காட்டினார். நாங்கள் ஆண்டுக்கணக்கில் வாயால் சொன்னது அன்றுதான் அவர் காதில் ஏறியது. மாலை-காலை சேர்க்கை எங்கள் வார்டில் இப்போது பெரும்பாலும் இல்லை. சீனப் பெருநாளும் தைப்பூசமும் நெருங்கி வந்தால் மட்டும் தலைகாட்டுகிறது.

குறைகளும் உண்டு. வயது, இனம், பணி ஆண்டுகள், வார்டு எல்லாவற்றையும் நிரப்பச் சொல்கிறார்கள். ஒரு வார்டில் இரண்டே இந்தியத் தாதியர் இருந்தால் பெயர் எழுதாமல் என்ன மறைந்துவிடும்? கேட்டபோது, ‘விருப்பம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள் அக்கா’ என்றார் ஆய்வாளர். அதைத் தாளிலேயே அச்சிட்டிருக்கலாம். மதிப்பெண் மிக மோசமாக வருபவரை யார், எப்போது கூப்பிட்டுப் பேசுவார்கள் என்பதற்கும் தெளிவான ஏற்பாடு இல்லை. எங்கள் அறிவிப்புப் பலகையில், மனம் விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் தொலைபேசி எண்ணை நானேதான் ஒட்டினேன்.

வாங்குவதானால் பயிலரங்கையும் செயலியையும் கழித்துவிட்டு விலை கேளுங்கள்; தனித்தனியாகத் தர மாட்டோம் என்பார்கள், விடாமல் பேசுங்கள். கேள்வித்தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே கிடைக்கிறது. தாதியருக்கு அது போதும். ஆனால் எங்களோடு அதே இரவில் தரை துடைத்து, படுக்கை விரிப்பு மாற்றும் தமிழ்ப் பெண்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அவர்களுக்கும் தமிழில் ஒரு தாள் தயாராகுமா என்று ஆய்வாளரிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த சுற்றுக்கு முன் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.