படகுத்துறையா, நங்கூரமா: பாய்மரப் படகுக் குடும்பத்தின் மாதச் செலவு

சாப்பாட்டுச் செலவு எங்கே நின்றாலும் ஏறக்குறைய ஒன்றுதான். பட்ஜெட்டை ஏற்றி இறக்குவது படகு நிற்கும் இடம்.

படகுத்துறையில் வாடகை படகின் நீளத்தைப் பொறுத்தது. இரட்டை உடல் கொண்ட கட்டமரான் படகுக்குப் பல இடங்களில் ஒன்றரை மடங்கு. இரண்டு வாரம்தான் தங்குவீர்கள் என்றாலும் மாத வாடகையை விசாரியுங்கள், நாள் கணக்கைவிட மலிவாக அமையலாம். கண்ணில் படாத செலவு ஒன்றும் உண்டு. கரை மின்சாரத்தின் எர்த் கம்பி பக்கத்துப் படகுகளோடு உங்கள் படகை இணைப்பதால் மற்ற உலோகப் பாகங்களுக்குப் பதிலாக அரிபடவே பொருத்தும் துத்தநாகக் கட்டிகள் வேகமாகக் கரையும். அந்தக் கம்பி வழியே வரும் அரிப்பு மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வானிக் ஐசொலேட்டர் பொருத்துங்கள்; கட்டி பாதி கரைந்ததும் மாற்றுங்கள். விட்டால் அடுத்து அரிபடுவது புரொப்பல்லர்.

நங்கூரத்தில் பெரும்பாலும் வாடகை இல்லை. கரைக்குப் போய்வரும் சிறு படகான டிங்கிக்குப் பெட்ரோல் உண்டு. ஆனால் சூரியத் தகடுகள் ஃபிரிட்ஜுக்கே போதாமல், பேட்டரி ஏற்ற தினமும் எஞ்சினை ஓட்டினால் மிச்சம் கரைந்துவிடும்: டீசல் மட்டுமல்ல, ஆயில் மாற்றும் மணிக்கணக்கும் சீக்கிரம் வந்துவிடும். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவியைக் குளோரின் கலந்த குழாய்நீரால் அலசாதீர்கள், சவ்வு கெட்டுவிடும். கரி வடிகட்டி வழியாக அலசுங்கள். நங்கூரச் சங்கிலியில் கஞ்சத்தனம் வேண்டாம். உயர் ஓதத்தில் ஆழம் 5 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து படகு முகப்பின் உயரம் 1 மீட்டர் என்றால், இரண்டும் சேர்ந்த 6 மீட்டருக்கு ஐந்து மடங்கு, 30 மீட்டர். காற்று வலுத்தால் ஏழு மடங்கு, 42.

தகடுகள் போதுமானால் நங்கூரமே மலிவு. பழுதுபார்க்கும் மாதத்துக்கு மட்டும் துறைக்குப் போங்கள்.