சாஃப் கோல்டு ஈஸ்ட்: பூரணம் வைத்த கிங் கேக் சுடுபவர்கள் வாங்க வேண்டியது

கிங் கேக் என்பது நியூ ஆர்லியன்ஸில் ஜனவரியிலிருந்து தவக்காலம் தொடங்கும் வரை சாப்பிடும், ஈஸ்ட் போட்டு உப்பவைத்துச் சுடும் இனிப்பு வளையம். வீட்டில் அதைச் சுடும் நண்பர்கள் யாராவது மாவு உப்பவில்லை என்று சொன்னால், செய்முறையை அப்படியே வைத்துக்கொண்டு ஈஸ்ட்டை மட்டும் மாற்றச் சொல்வேன். நான் சொல்லும் ஈஸ்ட் சாஃப் இன்ஸ்டன்ட் கோல்டு. பிரான்சின் லெசாஃப்ர் நிறுவனம் தயாரிப்பது. சிவப்புப் பட்டை போட்ட சாஃப் பல வீடுகளில் இருக்கும். நான் சொல்வது தங்க நிறப் பட்டை போட்டது. சர்க்கரை அதிகமுள்ள மாவுக்கென்றே உருவாக்கியது. பூரணம் வைத்த கிங் கேக்குக்கு இதைவிடப் பொருத்தமான ஈஸ்ட் எனக்குக் கிடைக்கவில்லை.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நியூ ஆர்லியன்ஸை ஒட்டிய மெட்டரியில். இங்கே ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் அன்று கிங் கேக் காலம் தொடங்கும். அன்று இரவு ஃபன்னி ஃபார்ட்டி ஃபெலோஸ் குழு வேஷம் கட்டி, செயின்ட் சார்ல்ஸ் டிராமில் ஏறிப் பாடிக்கொண்டு போகும். அப்புறம் மார்டி கிரா செவ்வாய் வரை ஊர் முழுக்க இந்தக் கேக்தான். மறுநாள் சாம்பல் புதன், தவக்காலம் ஆரம்பம், கேக் நின்றுவிடும். ஈஸ்டர் தேதியைப் பொறுத்து இந்தக் காலம் நீளும், குறுகும். 2025இல் மார்டி கிரா மார்ச் 4 அன்று வந்தது, 2026இல் பிப்ரவரி 17. அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் கேக் கொண்டுவருவார். உள்ளே இருக்கும் சின்ன பிளாஸ்டிக் குழந்தை பொம்மை யார் துண்டில் வருகிறதோ, அடுத்த கேக் அவர் பொறுப்பு. நான் என் முறை வரும்போது கடையில் வாங்காமல் வீட்டில் சுட்டுத்தான் கொண்டுபோவேன். அதனால் வெள்ளி காலைக்குள் கேக் தயாராக வேண்டும். மாவு தன் இஷ்டத்துக்கு உப்பட்டும் என்று காத்திருக்க முடியாது.

பழைய நியூ ஆர்லியன்ஸ் கிங் கேக்கில் பூரணம் கிடையாது. மெக்கென்சீஸ் பேக்கரி விற்ற கேக்கில் ஐசிங்கூட இல்லை, பிரியோஷ் என்ற, வெண்ணெயும் முட்டையும் சேர்ந்த மாவு வளையத்தின் மேல் வண்ணச் சர்க்கரை மட்டும். ஊர்ப் பெரியவர்கள் பலர் இன்னமும் அதைத்தான் கிங் கேக் என்பார்கள். எனக்குப் பூரணம் வேண்டும். க்ரீம் சீஸும் வறுத்த பெக்கான் பருப்பும் சேர்ந்த பூரணம். லூசியானாவில் இருந்துகொண்டு பெக்கான் இல்லாமல் ஒரு பண்டிகை இனிப்பா? ஆனால் பூரணம் வைத்ததும் வேலை கடினமாகிவிடும். மாவில் ஏற்கெனவே சர்க்கரை, வெண்ணெய், முட்டை, பால் எல்லாம் இருக்கிறது. அதன் வயிற்றில் கால் கிலோவுக்கு மேல் க்ரீம் சீஸும் பருப்பும் ஏறி உட்காரும். அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு மாவு இரண்டாம் முறை எழும்ப வேண்டும். ஈஸ்ட் சோம்பினால் அடிப்பக்கம் களிபோல இறுகி, பூரணத்தைச் சுற்றி ஈரமான ஒரு வளையம் நிற்கும். மேலே எவ்வளவு ஐசிங் ஊற்றினாலும் வெட்டும்போது தெரிந்துவிடும்.

சாதாரண ஈஸ்ட் ஏன் சோம்புகிறது என்றால், காரணம் சர்க்கரை. கொஞ்சம் சர்க்கரை ஈஸ்ட்டுக்கு உணவு. மாவின் எடையில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் அதுவே எதிரி. சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், ஈஸ்ட் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரும் வெளியே போகும், செல் வாடிவிடும். இன்னொன்றும் உண்டு. சாதாரண ஈஸ்ட் இன்வர்டேஸ் என்ற நொதியால் சர்க்கரையை வேகமாக குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாக உடைக்கும். ஒரு மூலக்கூறு இருந்த இடத்தில் இரண்டு வந்துவிடுவதால் தண்ணீரை இழுக்கும் அழுத்தம் இன்னும் கூடும். தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொள்வதுதான் இது. கோல்டில் இருக்கும் ஈஸ்ட் வகை இந்த நொதியைக் குறைவாக வைத்திருக்கிறது, சர்க்கரையின் இழுப்பையும் தாங்குகிறது. என் மாவில் சர்க்கரை பதினெட்டு சதவீதம். அந்த அளவில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

எங்கள் சமையலறை ஜனவரியில் 68 டிகிரி ஃபாரன்ஹீட் வாக்கில் இருக்கும். அதே மாவைச் சிவப்புப் பாக்கெட்டில் பிசைந்தால் இருமடங்காக மூன்று மணி நேரம் கிட்டத்தட்ட ஆகும். கோல்டில் இரண்டு மணிக்குள் முடிந்துவிடும். அதைவிட எனக்கு முக்கியம் இரண்டாம் உப்பல். பூரணம் வைத்து முறுக்கிய வளையம், விளக்கு மட்டும் போட்ட ஓவனுக்குள் முக்கால் மணியில் தளதளவென்று எழும்பி நிற்கிறது. விரலால் லேசாக அழுத்தினால் பள்ளம் மெதுவாகத் திரும்பி வருகிறது. வாசனையிலும் வித்தியாசம் உண்டு. மாவு உப்பவில்லை என்று பலரும் ஈஸ்ட்டை இருமடங்கு போடுவார்கள். உப்பும், ஆனால் கேக்கில் பீர் வாடை வரும், ஜாதிக்காயும் எலுமிச்சைத் தோலும் அதில் அமுங்கிப்போகும். கோல்டில் அளவைக் கூட்டத் தேவையில்லை, வெண்ணெய் மணம் முன்னால் வந்து நிற்கும்.

என் அளவுகளைச் சொல்கிறேன். 500 கிராம் பிரெட் மாவு, 90 கிராம் சர்க்கரை, 8 கிராம் உப்பு, 7 கிராம் கோல்டு ஈஸ்ட், இரண்டு முட்டையும் ஒரு மஞ்சள் கருவும், 200 மில்லி வெதுவெதுப்பான பால், 115 கிராம் மிருதுவான வெண்ணெய், கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள், ஒரு எலுமிச்சையின் துருவிய தோல். ஈஸ்ட்டைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம், மாவோடு அப்படியே கலக்கலாம். ஆனால் ஐஸ்போலக் குளிர்ந்த பாலை நேராக ஈஸ்ட் மேல் ஊற்றாதீர்கள். இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டுக்கு அது ஆகாது. வெண்ணெயை மட்டும் கடைசியில், மாவு ஓரளவு இழுவை பிடித்த பிறகு, துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் கொழுப்பு மாவை மூடிக்கொண்டு இழுவை வர விடாது. பட்டைத் தூளை மாவில் போடாதீர்கள், பூரணத்தில் போடுங்கள். பட்டைக்கு அந்த வாசனையைத் தரும் பொருளே ஈஸ்ட்டை மந்தமாக்கும். நல்ல ஈஸ்ட் வாங்கிவிட்டு அதைப் பட்டையால் அடக்குவானேன்?

இந்த மாவு ஃபிரிட்ஜில் ராத்தங்கும். பிசைந்து, வெளியே முக்கால் மணி நேரம் விட்டு, கொஞ்சம் எழும்பத் தொடங்கியதும் மூடி உள்ளே வைத்துவிடுவேன். வியாழன் இரவு வைத்தால் வெள்ளி விடியற்காலை எடுத்து உருட்டலாம். குளிர்ந்த மாவில் வெண்ணெய் கெட்டியாக இருப்பதால் ஒட்டாமல் விரியும். பூரணம் வைப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

பூரணத்துக்கு ஒரு பாக்கெட் க்ரீம் சீஸ், அதாவது 227 கிராம். அதோடு 40 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு மஞ்சள் கரு, ஒரு மேசைக்கரண்டி மைதா, கொஞ்சம் வெனிலா. மைதாவை விட்டுவிடாதீர்கள். சீஸ் சூட்டில் இளகி வழியாமல் பிடித்து வைப்பது அதுதான். தனியாக ஒரு கப் பெக்கானை வறுத்து நறுக்கி, அரைக் கப் பிரவுன் சுகர், ஒரு தேக்கரண்டி பட்டைத் தூள், இரண்டு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெயோடு பிசிறி வைக்க வேண்டும். இரண்டும் குளிர்ந்திருக்கட்டும்.

மாவை 24 அங்குல நீளம், 10 அங்குல அகலமாக விரித்து, நீளவாக்கில் இரண்டு பட்டையாக வெட்டுவேன். ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் க்ரீம் சீஸ் ஒரு கோடு, அதன் மேல் பெக்கான். ஓரங்களில் பூரணம் படவே கூடாது. எண்ணெய்ப் பசை பட்ட இடம் எவ்வளவு கிள்ளினாலும் ஒட்டாது, ஓவனில் வாயைத் திறந்துகொள்ளும். நீளமாக மூடி, தையலைக் கிள்ளி, இரண்டு கயிறுகளையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டு முறுக்கி, முட்டை வடிவ வளையமாக்கி, நுனிகளை அடியில் செருகிவிட வேண்டும். நடு ஓட்டை மூடிப்போகாமல் இருக்க, வெண்ணெய் தடவிய ஒரு ஓவன் கிண்ணத்தை நடுவில் கவிழ்த்து வைக்கலாம். கோல்டில் செய்யும்போது அந்தக் கிண்ணம் உண்மையிலேயே தேவைப்படுகிறது, மாவு அவ்வளவு விரிகிறது.

350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் முப்பது நிமிஷம் போல. நிறத்தை நம்பாமல் தெர்மாமீட்டரை மாவுப் பகுதியில் குத்திப் பாருங்கள், 190 டிகிரி வந்தால் வெந்துவிட்டது. பிளாஸ்டிக் குழந்தையை ஆறிய பிறகு அடியிலிருந்து செருகுங்கள், ஓவனுக்குள் அனுப்பாதீர்கள். ஐசிங் ஈரமாக இருக்கும்போதே ஊதா, பச்சை, தங்கம் மூன்று சர்க்கரையையும் தூவிவிட வேண்டும். ரெக்ஸ் ஊர்வலக் குழு 1872இல் தேர்ந்தெடுத்த நிறங்கள் இவை. ஊதா நீதிக்கு, பச்சை விசுவாசத்துக்கு, தங்கம் அதிகாரத்துக்கு என்று 1892 ஊர்வலத்தில் பொருள் சொன்னார்கள். என் மகளுக்குத் தூவும் வேலையை மட்டும் யாருக்கும் கொடுக்க மனசு வராது.

இனி பாக்கெட்டைப் பற்றி. ஒரு பவுண்டு, 454 கிராம், காற்றை உறிஞ்சி இறுக்கிய கட்டி. கையில் எடுத்தால் செங்கல்போல இருக்க வேண்டும். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஆன்லைனில் ஒரு விற்பனையாளர் எனக்கு அனுப்பிய பாக்கெட் தலையணைபோல மெத்தென்று வந்தது, உள்ளே காற்று புகுந்திருந்தது. படம் எடுத்து அனுப்பியும் தேதி முடியவில்லையே என்று வாதாடினார்கள், பணம் திரும்ப வர நிறைய மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அது ஈஸ்ட் செய்தவர்களின் குறை அல்ல. ஆனாலும் சொல்கிறேன்: மெத்தென்று இருந்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்புங்கள்.

பிரித்த பிறகு காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு வருஷம் தாராளமாக உழைக்கும். எடுத்ததும் நேராகவே மாவில் போடலாம். விலை விற்பவரைப் பொறுத்து மாறினாலும், சூப்பர் மார்க்கெட்டில் மூன்று மூன்றாக ஒட்டி விற்கும் சின்னப் பொட்டலங்களோடு கிராமுக்கு ஒப்பிட்டால் இது மிக மலிவு. ஒரு கேக்குக்கு 7 கிராம் என்றால் ஒரு பாக்கெட்டில் அறுபதுக்கு மேல் கேக் வரும். அங்கேதான் என் ஒரே குறை. கோல்டு சின்னப் பொட்டலத்தில் எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைப்பதில்லை. வருஷத்துக்கு ஒரு கேக் மட்டும் சுடும் வீட்டுக்கு ஒரு பவுண்டு மிக அதிகம். நான் வாங்கியதும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும், அலுவலகத்தில் சுடும் இருவருக்கும் சின்ன ஜாடிகளில் பிரித்துக் கொடுத்துவிடுகிறேன்.

சர்க்கரை இல்லாத ரொட்டி, பீட்சா மட்டும் சுடுபவர்கள் இதை வாங்க வேண்டாம், சிவப்பே போதும், அதற்கு அதுதான் சரி. வீட்டில் சுட நேரமே இல்லாதவர்கள் நியூ ஆர்லியன்ஸ் கிழக்கில் இருக்கும் டாங் ஃபுவாங் என்ற வியட்நாமியர் பேக்கரியின் கேக்கை எப்படியாவது வாங்கிச் சாப்பிடுங்கள். மேலே க்ரீம் சீஸ் ஐசிங், உள்ளே பஞ்சு போன்ற பிரியோஷ் மாவு. என் கேக் அந்த மென்மையை இன்னும் தொடவில்லை, ஆனால் கோல்டுக்கு மாறிய பிறகு பக்கத்தில் போயிருக்கிறது.

வாங்குவதாக இருந்தால் டிசம்பரிலேயே வாங்கிவிடுங்கள். ஜனவரி பிறந்ததும் இந்த ஊரில் சுடுகிற எல்லோரும் தேடுவார்கள். சாம்பல் புதனுக்கு அப்புறம் மீதி இருந்தால் வீணாகாது, பெரிய வெள்ளிக்குச் சிலுவை பன் சுட இதே ஈஸ்ட்தான் நான் போடுகிறேன். அந்த மாவிலும் சர்க்கரையும் உலர் திராட்சையும் நிறைய இருக்கும்.